கொன்றது கொன்றதுதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

1980இல் ருஜ்ஜெரோ தியோதாத்தோ இயக்கிய இத்தாலியப் படம் 'கேனிபல் ஹோலோகாஸ்ட்'. அதற்கு இன்று விமர்சகர்கள் தரும் மரியாதை தகுமா, தகாதா என்பது தலைப்பு. தகாது என்று சொல்ல வந்திருக்கிறேன்.

கதையைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அமேசான் காட்டுக்குப் படம் பிடிக்கப் போன குழு திரும்பவில்லை. தேடிப் போன பேராசிரியருக்கு அவர்கள் எடுத்த பிலிம் சுருள்கள் மட்டும் கிடைக்கின்றன. போட்டுப் பார்த்தால், பரபரப்பான காட்சி வேண்டும் என்று பழங்குடியினரின் குடிசைக்குத் தீ வைத்ததே அந்தக் குழுதான்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். "ரெட் பிரிகேட்ஸ் என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு நடத்திய கொலைகளை இத்தாலியத் தொலைக்காட்சி காட்டிய விதத்தைக் கண்டு கொதித்து எடுத்த படம் இது, ஊடகத்தின் முகத்திரையைக் கிழிக்கிறது" என்றார். தியோதாத்தோ அப்படிச் சொன்னது உண்மைதான். 1999இல் வந்த 'பிளேர் விட்ச்' படத்துக்கு ஏறத்தாழ இருபது வருடம் முந்தியே, காணாமல் போனவர்கள் எடுத்த நிஜப் பதிவுபோலக் கதை சொல்லும் உத்தியைக் கையாண்டார் என்பதையும் மறுக்கவில்லை. ரிஸ் ஒர்த்தொலானியின் இசை உருக்கும், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நடுவர் அவர்களே, கேமராவுக்காக உயிரைப் பறிக்காதே என்று சொல்ல வந்த படம், கேமராவுக்காகவே உயிரைப் பறித்தது!

ஒரு பெரிய ஆமையை ஆற்றிலிருந்து இழுத்து வருகிறார்கள். தலையை வெட்டுகிறார்கள். ஓட்டைப் பிளக்கிறார்கள். கால்கள் இன்னும் அசைந்துகொண்டிருக்கின்றன, கேமரா நகரவில்லை. அது நடிப்பல்ல. அந்தக் காட்சியில் நடித்த பெரி பிர்க்கானனே கேமராவுக்கு வெளியே அழுதார். திரையில் சாவது ஒரு குரங்கு. படப்பிடிப்பில் செத்தது இரண்டு, ஏனென்றால் ஷாட் இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது.

"அந்தக் காலத்தில் வேறு வழி ஏது?" என்று எதிரணியில் கேட்டார்கள். வழி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. கழுவேற்றப்பட்ட பெண்ணைப் பார்த்து உலகமே நடுங்கியதே, அது எப்படி எடுத்தது? இரும்புக் கம்பத்தில் ஒரு சைக்கிள் சீட். அதில் அந்தப் பெண் உட்கார்ந்து, பால்சா மரத்துண்டை வாயில் கவ்விக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். மிலானில் படத்தைப் பறிமுதல் செய்த அதிகாரிகள் நிஜக் கொலையோ என்று சந்தேகித்தார்கள். ஒரு வருடம் வெளியே தலை காட்டக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டு ஒதுக்கி வைத்திருந்த நடிகர்களை உயிரோடு கொண்டுவந்து காட்டித்தான் தியோதாத்தோ தப்பித்தார். ஆமையை அப்படிக் கொண்டுவந்து காட்ட முடியுமா?

இன்னொரு இத்தாலியரைச் சொல்கிறேன். 1971இல் லூச்சோ ஃபுல்சி எடுத்த 'எ லிசர்ட் இன் எ வுமன்ஸ் ஸ்கின்' திரில்லரில், வயிறு கிழிக்கப்பட்ட நாய்கள் துடிக்கும். வழக்கு வந்தது. கார்லோ ராம்பால்டி தான் செய்த பொம்மை நாய்களையே நீதிமன்றத்தில் கொண்டுபோய் வைத்தார், வழக்கு முடிந்தது. பிறகு 'ஈ.டி.'யைச் செய்து ஆஸ்கர் வாங்கிய கை அது. ஒன்பது வருடம் முன்பே, அதே நாட்டில், அதே சந்தைக்கான படத்தில் கைவித்தையால் முடிந்தது, தியோதாத்தோவுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? முடியும். கொல்வது சுலபமாக இருந்தது, அதனால் கொன்றார்.

மனிதர்களையும் விடவில்லை. யானோமாமி என்பது பிரேசில், வெனிசுவேலா எல்லையில் இன்றும் வாழும் மக்களின் பெயர். இறந்த தம்மவரின் எலும்புச் சாம்பலை வாழைக்கூழில் கலந்து துக்கத்தோடு பருகும் மக்கள். அந்தப் பெயரை எடுத்து, கொலம்பியாவின் லெத்தீசியா பக்கத்தில் படம் பிடித்து, எதிரியின் சதையைப் பிய்த்துத் தின்பவர்களாகக் காட்டினார்கள். "உண்மையான நரமாமிச பட்சிணி யார்?" என்று கடைசியில் பேராசிரியர் யோசிக்கிறாரே, அந்தக் கேள்வியை இந்தப் பெயரைத் திருடியவர்களிடம் எந்த விமர்சகர் கேட்டார்?

மிருகங்களைப் பயன்படுத்தியது தவறு என்று பிற்காலத்தில் தியோதாத்தோவே சொன்னார். எடுத்தவரே கைவிட்ட வாதத்தை எதிரணி இன்னும் தூக்கிச் சுமக்கிறது. 1980இல் இந்தப் படத்தைத் தூற்றிய விமர்சகர்கள் பக்கமே தீர்ப்பு வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.