காலிப் பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு: சிக் சந்தையைப் பிடித்த விதம்

[திரையில்: மளிகைக் கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட்டுகள்]

வணக்கம். பல நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே பொருளை விற்கும் சந்தையில், பெரிய விளம்பரச் செலவுக்கு வழியில்லாத ஒருவர் தம் பொருளை எப்படித் தனித்துக் காட்ட முடியும்? இதற்குச் சிக் ஷாம்புவை விடத் தெளிவான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கக்கூடிய சிறிய அளவில் பொருள்கள் விற்கப்பட வேண்டும் என்று எண்ணியவர் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவர் மறைவுக்குப் பின் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் விற்றார்கள். அந்தக் குடும்பத் தொழிலிலிருந்து விலகிய மகன் சி. கே. ரங்கநாதன், 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனி நிறுவனம் தொடங்கிச் சிக் ஷாம்புவைக் கொண்டுவந்தார். ஆகவே பாக்கெட் என்பது அவருக்கு மட்டுமே உரிய புதுமை அன்று. சொந்த அண்ணன்மாரே போட்டியாளர்கள்.

[திரையில்: கிராமத் தெருவில் கூடி நிற்கும் மக்கள், நடுவில் ஈரத் தலையுடன் ஒரு சிறுவன்]

சீயக்காயும் குளியல் சோப்பும் தலைக்குப் போதும் என்றிருந்த ஊர்களுக்கு அவருடைய ஆட்கள் நேரில் சென்றார்கள். எல்லார் முன்னிலையிலும் ஒரு சிறுவனுக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, அவன் முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொன்னார்கள். பாக்கெட்டைப் பிரித்தே பார்த்திராதவருக்கு இதைவிட நல்ல விளம்பரம் ஏது?

அடுத்து வந்த திட்டம்தான் சுவாரசியமானது. எந்த நிறுவனத்தின் ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும், ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கடையில் கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று அறிவித்தார்கள். இதனால், ஏற்கெனவே ஷாம்பு பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர், அதாவது போட்டியாளர் செலவு செய்து உருவாக்கிய வாடிக்கையாளர், தாமாகவே சிக்கைத் தேடி வந்தார். சிறிது காலம் கழித்து, இனிச் சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே இலவசம் என்று விதியை மாற்றினார்கள். முதல் அறிவிப்பைவிட இந்த மாற்றமே கெட்டிக்காரத்தனமானது என்பேன். இலவசத்துக்காக வந்தவர், அடுத்த இலவசத்தைப் பெற ஐந்து சிக் பாக்கெட்டுகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

பின்னர் மல்லிகை, ரோஜா வாசனைகளில் சிக் வந்தது. தலையில் பூச்சூடும் பெண்களுக்கு அந்த மணத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நடிகை அமலா விளம்பரத்தில் தோன்றினார். கவின்கேர் என்ற பெயரை நிறுவனம் ஏற்ற பிறகு, 1999இல், 50 காசு பாக்கெட்டும் வந்தது.

[திரையில்: ஒரே கம்பியில் தொங்கும் பல நிறுவனங்களின் பாக்கெட்டுகள்]

இவற்றுள் விலையையும் பாக்கெட் அளவையும் நகலெடுப்பது எளிது. பன்னாட்டு நிறுவனங்களின் ஷாம்பும் இன்று அதே கம்பியில்தான் தொங்குகிறது. அதனால்தான் அந்நிறுவனம் சிக்கோடு நின்றுவிடாமல், மூலிகையை முன்னிறுத்தி நைல் என்ற வேறொரு ஷாம்புவையும் விற்கிறது.