கைப்பையில் கிடக்கும் மெல்லிய கத்தி

அன்பான நேயர்களே, வணக்கம்.

சென்ற ஆடி மாதம், மாம்பழக் காலம் முடியப்போகிற நேரம், என் தங்கையின் மகன் லண்டனிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்தான். எனக்குப் பெறாமகன். விறாந்தையில் இருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவன் பழத்தைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த மடக்குக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். “பெரியம்மா, எனக்கும் இப்படி மெல்லிசா, பொக்கற்றுக்குள்ள கிடக்கிறதே தெரியாத மாதிரி ஒரு கத்தி வேணும். எதைப் பாத்து வாங்கிறது?” என்று கேட்டான். அன்று பின்னேரம் அவனோடு கதைத்ததைத்தான் இன்று உங்களோடும் கதைக்க வந்திருக்கிறேன்.

நான் 30 வருடத்துக்கு மேல் விவசாயப் போதனாசிரியையாக வேலை பார்த்தவள். எலுமிச்சைக்கும் தோடைக்கும் அரும்பொட்டு, மாமரத்துக்குக் கிளையொட்டு என்று, ஒரு மரத்தின் அரும்பையோ கிளையையோ இன்னொன்றில் பொருத்தி வளர்க்கிற ஒட்டு முறைகளை ஊர் ஊராகப் போய்ச் செய்துகாட்டிய காலம் அது. சேலையில் பொக்கற் இல்லை. ஆகவே கத்தி கைப்பைக்குள்தான் இருக்கும், கண்ணாடிக்கும் பஸ் காசுக்கும் பக்கத்தில். மொத்தமான, தடித்த கத்தியென்றால் பையின் அடிக்குப் போய்விடும்; அல்லது பாரமாக இருக்கிறதென்று ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டு வருவோம். அடுத்த நாளும் அப்படியே. பிறகு அது மேசை இலாச்சிக்குள்ளேயே கிடக்கும். மெல்லிய கத்தி வேண்டும் என்பதற்கு நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். எவ்வளவு திறமான உருக்கில் செய்திருந்தாலும், அலுவல் வரும்போது கையில் இல்லாத கத்தி ஒன்றையும் வெட்டாது.

இந்தச் சாமானுக்கு நம்மிடம் பெயர்கள் பல. மடக்குக் கத்தி, வில்லுக்கத்தி, பேனாக்கத்தி. ஐரோப்பாவில் இறகுப் பேனாவைச் சீவுவதற்கு வைத்திருந்த சின்னக் கத்தியின் பெயர்தான் பேனாக்கத்தியாக நம்மிடம் வந்தது. ஆனால் எழுதுகிறவர் இடுப்பில் மடக்குக் கத்தி இருப்பது நமக்கு வெளியிலிருந்து வந்த பழக்கம் இல்லை. ஏடு எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு பக்கம் எழுதும் ஊசி, மறுபக்கம் ஓலையை வாருவதற்கு ஒரு சின்னக் கத்தி, இரண்டும் நடுவிலுள்ள பிடிக்குள் மடங்கிவிடும். பனையோலையை நம்பி வாழ்ந்த இந்த மண்ணில், எழுதப் படித்தவர் கையோடு கொண்டுதிரிந்த மெல்லிய மடக்குக் கத்தி அது. இதைச் சொன்னபோது பெறாமகன் எழும்பி நிமிர்ந்து இருந்துவிட்டான். எனக்கும் அதை நினைக்கும்போதெல்லாம் ஒரு பெருமை வரும்.

சரி, மெல்லியது என்றால் எது மெல்லியது? கடையில் பெரும்பாலானவர்கள் பிடியை மட்டும் பார்க்கிறார்கள். மூடிய கத்தியின் மொத்தம், அதாவது தடிப்பு, ஒரு நெருப்புப்பெட்டியின் மொத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. ஒரு சென்ரிமீற்றருக்குக் கிட்ட இருந்தால் திறம். ஆனால் அதைவிட முக்கியமானது அலகின் மொத்தம். அலகின் முதுகைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில கத்திகளில் அது மூன்று, மூன்றரை மில்லிமீற்றர் இருக்கும். பார்க்க உறுதியாகத்தான் தெரியும். அதைக் கொண்டு நல்லாகப் பழுத்த மாம்பழத்தையோ கொய்யாவையோ வெட்டினால், வெட்டுவதற்குப் பதிலாகப் பிளக்கும், சாறு கையால் வழியும். இரண்டு மில்லிமீற்றருக்குள் இருக்கிற அலகு சத்தமில்லாமல் இறங்கும். ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கு இது வடிவாகத் தெரியும். அரும்பைச் சீவியெடுக்கும்போது அலகு மொத்தமாக இருந்தால் பட்டை நசியும். நசிந்த பட்டை ஒட்டாது.

பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் என்பவர் செய்யத் தொடங்கிய ஒபினெல் கத்தியை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். பீச் (beech) மரத்தில் உருண்டையான பிடி. பொக்கற்றில் போட்டால் அது மெல்லிய கத்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அலகு மிகவும் மெல்லியது, பாரமும் இல்லை. அளவுக்கு ஏற்றபடி எண் போட்டு விற்கிறார்கள். பலரும் வாங்குவது 8ஆம் எண், அலகின் நீளம் எட்டரை சென்ரிமீற்றர். பழம் வெட்ட அதைவிட இன்பமான கத்தி நான் பிடித்ததில்லை. ஆனாலும் நம்மூர் மாரியில் அதற்கு ஒரு கரைச்சல் இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் காற்றின் ஈரத்தைக் குடித்து மரப்பிடி வீங்கிவிடும். அலகு உள்ளே இறுகி, நகத்தால் இழுத்தாலும் வராது. வெயில் நாளில் காய வைத்தால் இளகும். மழைக்காலத்தில் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறவர் அதை நம்பிப் போகக்கூடாது என்பது என் அனுபவம்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கினார். அங்கிருந்து வந்ததுதான் இன்று விக்ரோறினொக்ஸ் என்று உலகம் அறிந்த பெயர். தாயின் பெயரான விக்ரோறியாவோடு, துருப்பிடிக்காத உருக்கைக் குறிக்கிற இனொக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்து வைத்த பெயர் அது. எல்லாருக்கும் தெரிந்த சிவப்புப் பிளாஸ்ரிக் பிடியைவிட, அலுமினியத் தகட்டுப் பிடி போட்ட கடெற் என்ற வகை மெல்லியது. மூடினால் 84 மில்லிமீற்றர், மொத்தம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர், பாரம் 50 கிராமுக்குள். அலகு, சின்ன அரம், போத்தல் மூடி திறக்கிறது, தகரம் வெட்டுகிறது, அவ்வளவுதான். என் கைப்பையில் கிடப்பது அந்த வகை. இதைவிடச் சின்னதாக 58 மில்லிமீற்றரில் ஒன்று வருகிறது, 21 கிராம். திறப்புக் கோர்வையில் கொழுவலாம். கடிதம் திறக்க, நூல் அறுக்க அது போதும். ஒரு தேசிக்காய்க்குமேல் அதனால் ஏலாது.

ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சந்தைப் பக்கமும் பஸ் நிலையத்தடியிலும் சிவப்புப் பிடியும் வெள்ளைச் சிலுவையுமாக ஏராளம் போலிகள் கிடைக்கின்றன. நானே ஒருமுறை பிரயாணத்தில் அவசரத்துக்கு ஒன்று வாங்கினேன். பத்து வேலைத்தலை இருந்தது, விலையும் மலிவு. இரண்டாம் கிழமை, பிளாஸ்ரிக் கான் ஒன்றின் மூடியைக் குத்தித் திறக்கப் போனேன். அலகை இறுக்கிப் பிடிக்கிற முதுகு வில்லு ஏற்கெனவே தளர்ந்திருந்திருக்கிறது. அலகு அப்படியே மடங்கி ஆட்காட்டி விரலில் இறங்கியது. நான்கு தையல். அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது, குளிர்நாளில் விறைக்கும். பிழை கத்தியில் பாதி, என்னில் பாதி. பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் குத்தவே கூடாது. இழுத்து வெட்டத்தான் அது செய்யப்பட்டது. இழுக்கும்போது வருகிற விசை அலகைத் திறந்தபடியே வைத்திருக்கும். முனையால் குத்தும்போதும் முதுகால் தட்டும்போதும் அது மூடப் பார்க்கும்.

அப்படியென்றால் பூட்டுள்ள கத்தியையே வாங்கலாமே என்று பெறாமகன் கேட்டான். நியாயமான கேள்வி. கடும் வேலை செய்கிறவருக்கு, கயிறும் வலையும் அறுக்கிற கடற்றொழிலாளருக்கு, பூட்டு நல்லதுதான். ஒபினெலில் பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்கிறது, அதைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். வேறு சிலவற்றில் பிடிக்குள் இருக்கிற தகடு தள்ளி வந்து அலகின் குதியைத் தாங்கும். ஆனால் லண்டனில் இருக்கிற பிள்ளைக்கு அது சரிவராது. பிரித்தானியச் சட்டப்படி, பொது இடத்தில் காரணம் காட்டாமல் வைத்திருக்கக் கூடிய கத்தி மூன்று நிபந்தனைக்குள் அடங்க வேண்டும். மடிய வேண்டும், பூட்டு இருக்கக் கூடாது, அலகின் வெட்டுவாய் 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. 3 அங்குலம் என்றால் 7.62 சென்ரிமீற்றர். பூட்டுள்ள கத்தியை அங்கே மடக்குக் கத்தியாகவே கணக்கெடுப்பதில்லை. ஜேர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைப் பொது இடத்தில் கொண்டுதிரியக் கட்டுப்பாடு இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு இங்கிருந்து பரிசாக வாங்கி அனுப்புகிறவர்கள் இதை முதலில் விசாரியுங்கள். பலாலியிலிருந்து விமானம் ஏறுகிறவர்களும் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கிற பெரிய பெட்டிக்குள் போடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்று ஞாபகம் வருகிறது. தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி இருந்த காலத்தில் கைப்பையைத் திறந்து கொட்டிக் காட்ட வேண்டும். ஒட்டுக்கத்தியைப் பார்த்ததும் கேள்வி வரும். ஆகவே கத்தியோடு ஒரு சுருள் ஒட்டு நாடாவும், ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு எலுமிச்சைக் கம்பும் எப்போதும் வைத்திருப்பேன். வாயால் விளங்கப்படுத்த முடியாததை அந்தக் கம்பு விளங்கப்படுத்தும். என் வயதுக்காரர் பலர் அந்தக் காலத்தில்தான் பேனாக்கத்தி வைத்திருக்கிற பழக்கத்தையே விட்டார்கள். எங்கள் ஐயா மடியில் வெற்றிலைக் கொட்டைப்பெட்டியோடு எப்போதும் ஒரு கத்தி இருக்கும். பாக்குச் சீவ, பென்சில் தீட்ட, எங்களுக்கு நுங்கு தோண்டித் தர. அந்தப் பழக்கம் திரும்பி வரவேண்டும் என்பது என் விருப்பம். அதனால்தான் நகம் கொழுவி இரண்டு கையால் நிதானமாகத் திறக்கிற கத்தியையே நான் சொல்வேன். தட்டினால் பாய்ந்து திறக்கிறது வேண்டாம். பக்கத்தில் நிற்கிற ஆளைப் பயப்படுத்தாத கத்தியைத்தான் சந்தையிலும் பஸ்ஸிலும் கந்தோரிலும் வெளியே எடுக்கலாம்.

அடுத்தது உருக்கு. இதில் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று பக்கமும் கடலும் பரவைக் கடலும், காற்றில் உப்பு. கரிம உருக்கு அலகு சீக்கிரம் கூராகும், கூர் இனிமையாகவும் இருக்கும். ஆனால் ஒருமுறை மாம்பழமோ தேசிக்காயோ வெட்டினால் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு பாதுகாப்பானதுதான், ஆனால் புளிப்போடு படும்போது பழத்தில் இரும்பு வாசம் ஏறும். துடைக்க மறந்து ஓர் இரவு வைத்தால் சிவப்புத் துரு. துருவேறா உருக்கில் குறைந்தது நூற்றுக்குப் பத்தரைப் பங்கு குரோமியம் இருக்கும். அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலாகப் படியும், கீறினாலும் திரும்ப வளரும். உப்பு மட்டும் அந்தத் தோலை ஆங்காங்கே குத்தி ஓட்டையாக்கும். ஆகவே துருவேறா உருக்கு என்றாலும் மீன் வெட்டிய கையோடு மடித்து வைக்கக்கூடாது. கழுவ வேண்டும். தீவுப் பகுதிக்காரருக்கும் உவர்க் கிணறு உள்ளவர்களுக்கும் இன்னொன்று: கழுவுகிற தண்ணீரே உவராக இருந்தால் காய்ந்தபின் உப்பு மூட்டுக்குள் தங்கும். குடிக்கிற தண்ணீரில் ஒரு கை ஊற்றி, துணியால் ஒற்றி, திறந்தபடி காயவிட்டுப் பிறகு மடியுங்கள். மரப்பட்டையோ மரப்பாலோ பட்ட கத்தியால் பழம் வெட்டாதீர்கள். மரத்துக்கு மரம் நோய் கத்தியால்தான் போகும், ஸ்பிரிற்றில் துடைக்க வேண்டும் என்று கமக்காரருக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் நான். தோட்டத்துக்கு ஒரு கத்தி, சாப்பாட்டுக்கு வேறொரு கத்தி.

நாங்கள் இருவரும் அடுத்த நாள் ரவுணுக்குப் போய்ச் சில கடைகளில் கத்திகளைக் கையில் எடுத்துப் பார்த்தோம். வாங்குவதற்கு இல்லை, பழகுவதற்கு. அலகைத் திறந்து, நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆடினால் திருப்பி வை. பாதி திறந்து விட்டுப் பார், வில்லு இழுத்து வைத்திருக்க வேண்டும், தொங்கக் கூடாது. மூடும்போது ‘டக்’ என்று ஒரே சத்தம் கேட்க வேண்டும். மூடியபின் அலகு பிடியின் நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கத் தகட்டில் உரசுகிறதா என்று வெளிச்சத்தில் பார். கையை நனைத்துக்கொண்டு ஒருமுறை திற. ஐந்தாறு கத்திக்குப் பிறகு அவன் என்னைக் கேட்காமலே இரண்டைத் திருப்பி வைத்தான். எனக்கு நல்ல சந்தோசம்.

தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது கையால் பழகுகிற விசயம். மெல்லிய அலகைச் சுற்றுகிற சாணையில் கொடுக்காதீர்கள். நெருப்புப் பறந்தால் விளிம்பு சூடேறி உருக்கின் பதம் போய்விடும். தட்டைக் கல்லை நனைத்து, அலகைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்து, முதுகை மட்டும் இரண்டு மில்லிமீற்றர் உயர்த்தி, ஒரே சரிவில் தேயுங்கள். மறுபக்கம் விரலால் மெதுவாகத் தடவினால் மெல்லிய பிசிர் தட்டுப்படும். அப்போது பக்கம் மாற்றலாம். கடைசியில் பழைய தோல் வாரில் இழுத்தால் பிசிர் போகும். பத்திரிகைத் தாளைத் தூக்கிப் பிடித்து வெட்டிப் பாருங்கள், கிழியாமல் இறங்கினால் போதும்.

பெறாமகன் லண்டன் திரும்பி அங்கேயே அந்த அலுமினியப் பிடிக் கத்தியை வாங்கிவிட்டான். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டான். தங்கச்சி இங்கிருந்து அனுப்பிய ஒடியல்மாப் பார்சலை அதனால்தான் வெட்டித் திறந்தானாம். மூட்டு கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, எண்ணெய் எவ்வளவு விடவேணும், தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்டான். தேங்காய் எண்ணெய் அந்தக் குளிரில் உறைந்து பசையாகிவிடும் தம்பி, தையல் மெசின் எண்ணெயில் ஒரு துளி விடு, பத்துத் தரம் திறந்து மூடு, மிச்சத்தைத் துணியால் துடை என்றேன். கதைத்துக்கொண்டிருக்கும்போதே மறுமுனையில் அந்த ‘டக்’ சத்தம் கேட்டது.

நன்றி, வணக்கம்.