ஒட்டுப் போட்ட அறிவு

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு சீனப் பழமொழியைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான்கே எழுத்து. ‘சின் நெங் பு சுவோ’. பிறவித் திறமையைவிட உழைப்பே பெரிது என்று இதைப் பலரும் தமிழில் சொல்லிவிடுகிறார்கள். பள்ளி ஆண்டு விழா மேடைக்கு அது வசதியான வாசகம்தான். ஆனால் சீனத்தில் இருப்பது அதுவல்ல. ‘சின்’ என்றால் விடாத உழைப்பு. ‘நெங்’ என்றால் முடியும். ‘சுவோ’ என்றால் மந்தம், கைக்கு வராத தன்மை. நடுவில் ‘பு’ என்று ஒன்று நிற்கிறதே, சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதைச் சொல்லும் சொல் அது. அந்த எழுத்தின் இடது பாதியே துணியைக் குறிக்கும் அடையாளம்தான். ஆக, மந்தத்துக்கு உழைப்பால் ஒட்டுப் போட முடியும். அவ்வளவுதான் செய்தி. கிழிசல் புதுச்சட்டை ஆகிவிடும் என்று சொல்லவில்லை. ‘முடியும்’ என்றுதான் இருக்கிறது, ‘நிச்சயம்’ என்றும் இல்லை.

டாங் வம்சத்துக் கவிஞர் பாய் ஜூயி, 825-இல் சூசோ நகரத்துக்கு ஆட்சியாளராகப் போனார். போன புதிதில் தலைக்குமேல் அலுவல். அப்போது எழுதிய கவிதையில், மந்தத்துக்கு ஒட்டுப் போட உழைப்பைப்போல வேறொன்று இல்லை என்று ஒரு வரி வைத்தார். பழமொழிக்கு வேர் அந்த வரி. கோப்புக் குவியலுக்கு நடுவே ஓர் அதிகாரி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட சமாதானம் என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தப் பழமொழிக்கு உதாரணமாகச் சீனர்கள் அடிக்கடி இழுத்துவரும் ஆள் செங் குவோஃபான். 1811-இல் ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர், அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசின் பெரிய தளபதி. சிறுவயதில் இவர் ஒரு பாடத்தை இரவெல்லாம் உருப்போட்டாராம். மனப்பாடமே ஆகவில்லை. பையன் தூங்கட்டும் என்று வீட்டுக்குள் ஒளிந்திருந்த திருடன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அந்தப் பாடத்தை ஒரு பிழையில்லாமல் ஒப்பித்துக் காட்டி, “நீயெல்லாம் எதற்குப் படிக்கிறாய்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டானாம். கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் சூட்டிகையான பிள்ளையைப் பற்றி யாரும் இப்படிக் கதை கட்டமாட்டார்கள், இல்லையா? பின்னாளில் அறிஞர் லியாங் சிச்சாவும், அக்காலத்துப் பெரிய மனிதர்களுக்குள் மிக மந்தமானவர் இவர்தான் என்று எழுதினார். பாராட்டாகத்தான் எழுதினார்!

கதையைவிட நிஜம் இன்னும் சுவாரசியம். அந்தக் காலத்தில் அரசுப் பதவிக்குப் போக வேண்டுமானால் படிப்படியாகத் தேர்வுகள். பழைய நூல்களை வரிவிடாமல் மனத்தில் ஏற்றி, இறுக்கமான இலக்கணத்தோடு கட்டுரை எழுத வேண்டும். 1905-இல் ஒழிக்கப்படும்வரை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஏற்பாடு அது. செங்கின் அப்பா ஊரில் பாடம் சொல்லிக்கொடுப்பவர். அவரே முதல் படித் தேர்வில் தோற்றுத் தோற்று, பதினேழாவது தடவை 1832-இல் தேறினார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதே தேர்வை அந்த ஆண்டு மகனும் எழுதினார். மகனுடைய விடைத்தாளைத் தேர்வு அதிகாரி, எப்படி எழுதக் கூடாது என்பதற்கு உதாரணமாக எல்லோரும் பார்க்க அறிவித்துக் கண்டித்தார். அப்பா தேறிய சந்தோஷமும் மகனுக்கு நேர்ந்த அவமானமும் ஒரே வீட்டில். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் யார் யாரிடம் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு, ஏழாவது முறையில், மகன் தேறினார். பிறகு 1838-இல் தலைநகரத்தின் உயர்தேர்விலும் தேறினார், அதுவும் மூன்றாவது முயற்சியில். தரவரிசையில் மூன்றாம் வகுப்புதான். நான் சொன்ன ஒட்டு இதுதான். வெளியே தெரியத்தான் செய்யும். “நானே மந்தம், அதனால் மந்தமான பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு அலுப்பில்லை” என்பாராம் செங்கின் அப்பா.

ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை. பதினேழு முறை தேர்வு எழுத வேண்டுமானால் வீட்டில் நெல் இருக்க வேண்டும். தாத்தா நிலத்தைக் கட்டி ஆண்டதால்தான் அப்பா ஏடும் தூரிகையுமாக இருக்க முடிந்தது. பக்கத்து வயலில் கூலிக்கு நாற்று நட்டவருக்கு இரண்டாவது முயற்சியே ஆடம்பரம். பெண்களுக்கோ முதல் முயற்சியே கிடையாது.

சரி, போர்க்களத்துக்கு வருவோம். சிங் அரசை எதிர்த்து எழுந்த தைப்பிங் கிளர்ச்சியை அடக்கப் படை திரட்டிய செங், 1854-இல் ஜிங்காங்கில் தோற்று, அவமானம் தாளாமல் ஆற்றில் குதித்தார். உடன் இருந்தவர்கள் இழுத்துப்போட்டார்கள். அதற்கப்புறம் அவருடைய போர்முறை அவருடைய படிப்பைப் போலவே ஆனது. படை எங்கே போனாலும், ஓய்வெடுக்கும் முன் அகழி வெட்டு, மண்சுவர் எழுப்பு. தந்திரம் வேண்டாம், பாய்ச்சல் வேண்டாம். ‘உறுதியான முகாம், மந்தமான போர்’ என்றே இதற்குப் பெயர். ஆன்சிங் நகரத்தை இப்படிச் சுற்றி வளைத்து, 1861-இல் பிடித்தார்கள். அடுத்தது, கிளர்ச்சிக்காரர்களின் தலைநகரான நான்ஜிங்.

நான்ஜிங்கில் இருந்த தைப்பிங் தலைவர் ஹொங் சியுச்சுவான் யார் தெரியுமா? குவாங்சோ பக்கத்துக் கிராமத்துப் பையன். கெட்டிக்காரன் என்று பெயரெடுத்ததால் குடும்பம் அவரை நம்பிப் படிக்கவைத்தது. செங் ஏழாவது முறையில் தேறிய அதே படித் தேர்வில் அவர் நான்கு முறை தோற்றார். 1837 தோல்விக்குப் பிறகு கடும் காய்ச்சலில் விழுந்து, விசித்திரக் காட்சிகள் கண்டார். 1843-இல் நான்காவது தோல்வி. பிறகு, தான் ஏசுவின் தம்பி என்று அறிவித்து ஒரு மதத்தையும் ஒரு படையையும் உண்டாக்கினார். அந்தப் போரில் மாண்டவர்கள் இரண்டு கோடிப் பேருக்குக் குறையாது என்கிறார்கள்.

1864 ஜூலையில் செங்கின் தம்பியுடைய படை, மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிவைத்து நான்ஜிங்குக்குள் புகுந்தது. உள்ளே நடந்தது படுகொலை. ஹொங் அதைப் பார்க்கவில்லை, ஜூனிலேயே இறந்துவிட்டார். மதிலுக்கு வெளியே ஏழாவது முறை தேறியவரின் படை, உள்ளே நான்கு முறை தோற்றவரின் நகரம். சின்ன வயதில் இரண்டு பேரும் விளக்கடியில் உட்கார்ந்து உருப்போட்டது ஒரே நூல்களைத்தான்.

வணக்கம்.