தன் கணக்கைத் தானே சொல்லும் வரிசை

(காட்சி: கிருஷ்ணகிரி மாங்காய் மண்டி. பெங்களூரா காய் நிரம்பிய க்ரேட்டுகள், நீளமாக ஒரே வரிசையில்.)

குரல்: சீசனில் இங்கே யார் எத்தனை க்ரேட் இறக்கினார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பார்கள். அந்த நோட்டே இல்லாமல், க்ரேட் வரிசையே கணக்குச் சொல்லுமா? சொல்லும். இன்றைக்கு அப்படி ஒரு மண்டியைக் கற்பனை செய்துகொள்வோம்.

விவசாயிகளுக்கு 2, 3, 5, 7, 11 என்று பகா எண்களை வரிசையாக டோக்கன் கொடுக்கிறோம். அவரவர் க்ரேட் எல்லாவற்றிலும் அவரவர் டோக்கன் எண். ஐந்தாவது விவசாயிக்கு எத்தனை க்ரேட்? ஐந்தாவது க்ரேட்டில் என்ன எண் ஒட்டியிருக்கிறதோ, அத்தனை. விதி இவ்வளவுதான்.

(திரை: 2, 2, 3, 3, 5, 5, 5, 7, 7, 7, 11...)

முதல் க்ரேட்டில் 2. ஆகவே முதல் ஆளுக்கு இரண்டு க்ரேட்; இரண்டாவது இடத்திலும் 2 வந்தாயிற்று. அந்த 2, அடுத்தவருக்கும் இரண்டு என்கிறது: 3, 3. மூன்றாவது, நான்காவது இடங்களில் 3 இருப்பதால் 5 மூன்று முறை, 7 மூன்று முறை. ஐந்தாவது இடத்தில் 5. ஆக 11 ஐந்து முறை.

கொஞ்சம் நில்லுங்கள். படிக்கிற விரல் 5ஆவது இடத்தில்தான் இருக்கிறது, எழுதுகிற கையோ 15ஆவது இடம்வரை போய்விட்டது. விரல் ஒரு இடம் நகர்ந்தால் கை குறைந்தது இரண்டு இடம் ஓடும். அப்புறம் எப்படி எட்டிப்பிடிக்கும்? பகா எண் பட்டியலைத் தவிர வெளியிலிருந்து எதையும் கேட்காமல் வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

1 முதல் எல்லா முழு எண்களையும் வைத்து இதே விளையாட்டை 1966இல் ஒரு கணித இதழில் புதிராக வெளியிட்டவர், அமெரிக்கக் கணிதவியலர் சாலமன் கோலோம்ப். 1, 2, 2, 3, 3, 4, 4, 4 என்று போகும். அதில் 1 ஒரே முறைதான், எழுதியதுமே விரல் கையைப் பிடித்துவிடுகிறது. அடுத்து வரும் 2, தன் எண்ணிக்கையைத் தானே சொல்லித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். பகா வரிசையில் அந்தத் திக்கல் கிடையாது. எனக்கு இது கூடுதலாகப் பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

சரி, 1000ஆவது க்ரேட்டில் என்ன எண்? ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டாம், கும்பல் கும்பலாகக் கூட்டலாம்.

(திரை: 46, 101, 166, 251, 384, 545, 748)

முதல் பத்துப் பேருக்கு 46 க்ரேட். அடுத்த ஐந்து பேருக்குத் தலா 11, மொத்தம் 101. இன்னொரு ஐவருக்குத் தலா 13, மற்றொரு ஐவருக்குத் தலா 17; 251. பிறகு ஏழேழு பேராக 19, 23, 29. நாற்பத்தாறு பேர் முடியும்போது 748. அதற்குமேல் வருபவர்களுக்குத் தலா 31. எட்டுப் பேர் இறக்கினால் 996. ஆக, 1000ஆவது க்ரேட் 55ஆவது விவசாயியுடையது. 55ஆவது பகா எண் 257.

கோலோம்ப் வரிசையில் அதே இடத்தில் 86தான். அங்கே 86 பேர் சேர்ந்து இறக்குவதை இங்கே 55 பேரே இறக்கிவிடுகிறார்கள். டோக்கன் எண்தான் எகிறிப்போகிறது.