மைக்கேல் ஜாக்சனின் அப்பா என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஒரு கிரேன் ஆபரேட்டரின் வீட்டுக் கதை

அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், கேரி என்ற ஊர். ஜாக்சன் தெரு, கதவு எண் 2300. இரண்டே படுக்கையறை உள்ள குட்டி வீடு. ஒரு காலத்தில் அதற்குள் 11 பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் மைக்கேல் ஜாக்சன், இன்னொருவர் அவருடைய தங்கை, பாடகி ஜேனட் ஜாக்சன். இவர்கள் எல்லோருக்கும் சோறு போட்டவர் ஓர் எஃகு ஆலையில் கிரேன் ஓட்டியவர். இன்றைக்கு அவருடைய கதை.

ஒரு நிமிஷம். ஜாக்சன் குடும்பம், ஜாக்சன் தெருவிலா? புகழ் வந்த பிறகு தெருவுக்குப் பெயர் மாற்றியிருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். நம் ஊரில் அதுதானே வழக்கம்! ஆனால் அது அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் பெயர். அந்தப் பக்கத் தெருக்களுக்கு வரிசையாக அதிபர்கள் பெயர்தான். இவர்கள் சும்மா வீடு பார்த்துக் குடிபோனார்கள், பெயர் தானாகப் பொருந்திவிட்டது.

சரி, பின்னணியை வேகமாக முடித்துவிடுகிறேன். ஜோசப் ஜாக்சன், 1928-இல் ஆர்கன்சாஸில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். பெற்றோர் பிரிந்தபோது அப்பாவோடு கலிஃபோர்னியா போனார், பிறகு அம்மா இருந்த இண்டியானாவுக்கு வந்தார். குத்துச்சண்டை வீரராக ஆசை, நடக்கவில்லை. 1949-இல் கேத்தரினைத் திருமணம் செய்தார். சிறு வயதில் போலியோ தாக்கிய பெண், அலபாமாவில் பிறந்தவர். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தெற்கை விட்டுக் கிளம்பினார்கள் இல்லையா, அந்தக் கூட்டத்தில் இந்த இரண்டு குடும்பங்களும் உண்டு. தெற்கின் இனப் பாகுபாட்டிலிருந்து தப்ப வேண்டும், ஆலையில் வேலை வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஆலைகள்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். மிச்சிகன் ஏரிக்கரையில் 1906-இல் யூ.எஸ். ஸ்டீல் நிறுவனம் ஆலையோடு சேர்த்து ஒரு ஊரையே கட்டியது. நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே ஊருக்கும் வைத்தது. அடுத்த ஆண்டு நம் நாட்டில் டாடா எஃகு நிறுவனம் தொடங்குகிறது, அதைச் சுற்றி வளர்ந்த ஊர் பின்னால் ஜாம்ஷெட்ஜி டாடா பெயரில் ஜாம்ஷெட்பூர் ஆகிறது. ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரிப் பெயர்சூட்டு விழா! ஆனால் ஜோசப் வேலை பார்த்தது பக்கத்து ஊரான ஈஸ்ட் சிகாகோவில், இன்லேண்ட் ஸ்டீலில். (ஈஸ்ட் சிகாகோ சிகாகோவிலும் இல்லை, சிகாகோ இருக்கும் மாநிலத்திலும் இல்லை. யார் பெயர் வைத்தார்களோ!) இன்னொரு விஷயம் கேளுங்கள். 1998-இல் அந்த இன்லேண்ட் ஸ்டீலை வாங்கியவர் லட்சுமி மிட்டல். ராஜஸ்தான்காரர்! இதைப் படித்த அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தேன்.

ஷிப்ட் முடிந்து வரும் ஜோசப்புக்கு இன்னொரு முகம் இருந்தது. தம்பி லூதரோடு சேர்ந்து 'ஃபால்கன்ஸ்' என்று ஒரு இசைக்குழு நடத்தினார். அது பெரிதாக ஓடவில்லை, கலைந்தது. மிச்சம் ஒரு கிட்டார். அதை அலமாரிக்குள் வைத்து, பிள்ளைகள் யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டார்.

தொடாதே என்றால் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அப்பா ஆலைக்குப் போனதும் டிட்டோ கிட்டாரை எடுப்பான். அண்ணன் ஜாக்கியும் தம்பி ஜெர்மெயினும் கூடவே பாடுவார்கள். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. (எல்லா ஊர் அம்மாக்களும் ஒன்றுதான்.) ஒருநாள் கம்பி அறுந்துவிட்டது! எடுத்த இடத்திலேயே வைத்தாயிற்று, ஆனால் அறுந்த கம்பி எப்படி மறையும்? ஜோசப் வந்தார், பார்த்தார், டிட்டோவுக்கு அடி விழுந்தது. அப்புறம், "சரி, வாசித்துக் காட்டு" என்றார். அழுதுகொண்டே வாசித்தான் பையன். அந்த ஒரு கணத்தில்தான் மனிதர் தன் குழு கலைந்ததை மறந்து அடுத்த குழுவைக் கண்டுபிடித்தார் என்று நான் நம்புகிறேன். சீக்கிரமே டிட்டோவுக்குப் புது கிட்டார் வந்தது. தினமும் பள்ளி விட்டதும் ஒத்திகை. சின்னவர்கள் மார்லனும் மைக்கேலும் பின்னால் சேர்ந்தார்கள்.

அவர்களின் முதல் இசைத்தட்டு 1968-இல் வந்தது. வெளியிட்ட உள்ளூர் நிறுவனத்தின் பெயரே 'ஸ்டீல்டவுன்'. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் கீத்தும் எஃகு ஆலைத் தொழிலாளிதான்! 1969-இல் மோடவுன் என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம், பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ். கிரேன் வேலைக்குக் கும்பிடு.

இப்போது கசப்பான பக்கம். பிள்ளைகள் அவரை அப்பா என்று கூப்பிடவில்லை, 'ஜோசப்' என்றுதான் கூப்பிட வேண்டும். நம் வீடுகளில் அப்பா பெயரைச் சொல்லவே தயங்குவோம், அங்கே அப்பா என்ற சொல்லுக்குத்தான் தடை. அப்பாவைப் பார்த்தாலே சில சமயம் வாந்தி வரும் என்று மைக்கேல் 1993-இல் டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியிடம் சொன்னார். 2003-இல் பிபிசி கேட்டபோது ஜோசப், பெல்ட்டால் விளாசியது உண்மை, ஆனால் அது அடித்தது ஆகாது, அடிப்பது என்றால் கட்டையால் என்று விளக்கம் கொடுத்தார்! 'அடித்ததால்தான் ஜெயித்தார்கள்' என்று கமெண்டில் எழுத வருபவர்களுக்கு முன்கூட்டியே சொல்கிறேன்: ஒத்திகை வேறு, பெல்ட் வேறு. 2002-இல் மைக்கேல் எழுதிய உயிலில் அம்மா பெயர் இருந்தது, அப்பா பெயர் இல்லை.

2009 ஜூன் 25-இல் மைக்கேல் இறந்தார். ஒன்பது ஆண்டு கழித்து, 2018 ஜூன் 27-இல் ஜோசப். இருவரும் இருப்பது கலிஃபோர்னியாவின் கிளெண்டேலில், ஒரே கல்லறைத் தோட்டத்தில்.

கேரியின் மக்கள்தொகை 1960-இல் 1,78,320. 2020-இல் 69,093. ஆலைகளில் ஆள் குறைந்தது, ஊரும் காலியானது. 2300-ஆம் எண் வீடு மட்டும் அங்கேயே நிற்கிறது, வாசலில் மைக்கேலுக்கு ஒரு நினைவுக்கல்லும் இருக்கிறது. கிரேன் ஓட்டியவருக்குக் கல் கிடையாது.

உங்கள் அப்பா தொடாதே என்று பூட்டி வைத்த பொருள் எது? எங்கள் வீட்டில் டேப் ரெக்கார்டர். என்ன உடைத்தீர்கள் என்று கமெண்டில் சொல்லுங்கள்.