லண்டனிலிருந்து ஒரே நாளில்: ஆட்டுக் கம்பளி கட்டிய கிராமங்கள்

(காட்சி: பேடிங்டன் ரயில் நிலையம், காலை)

வணக்கம். லண்டனுக்கு வந்தவர்கள் "ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, எங்கே போகலாம்?" என்று கேட்டால், காட்ஸ்வோல்ட்ஸ் போங்கள் என்பேன். லண்டனுக்கு மேற்கே, பழைய கல்வீட்டுக் கிராமங்கள் நிறைந்த குன்றுப் பகுதி அது. ஒரே நாளில் ஐந்தாறு கிராமம் காட்டும் சுற்றுலா பஸ் மட்டும் வேண்டாம். இறங்கிப் படம் எடுப்பதற்குள் ஹார்ன் அடித்துவிடுவார்கள்.

பேடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் மோர்ட்டன்-இன்-மார்ஷ் வந்துவிடும். அங்கிருந்து 801-ஆம் எண் பஸ், போர்ட்டன்-ஆன்-தி-வாட்டருக்கு. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு, அதனால் வார நாளில் கிளம்புங்கள்.

(காட்சி: ஒரு வீட்டின் கூரை, மிக அருகில்)

போனதும் ஏதாவது ஒரு பழைய வீட்டின் முன் நின்று அண்ணாந்து பாருங்கள். சுவர் தேன் நிறச் சுண்ணாம்புக்கல். கூரையில் வேய்ந்திருப்பதும் கல்தான். இறவாரத்தில் பெரிய பெரிய பலகைக் கற்கள். மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டில் கையகலக் கல். ஒவ்வொன்றையும் அளவு பார்த்து அடுக்கியிருக்கிறார்கள்.

இந்தக் கல்லுக்கெல்லாம் காசு ஆட்டிலிருந்து வந்தது. இடைக்காலத்தில் இங்கே வெட்டிய கம்பளியை வாங்க ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய பகுதி), இத்தாலி வணிகர்கள் போட்டி போட்டார்கள். அப்புறம் நிலக்கரியும் நீராவி ஆலைகளும் வந்தன. கம்பளித் தொழில் வடக்கே யார்க்‌ஷயருக்குப் போய்விட்டது. இடித்துப் புதிதாகக் கட்ட இங்கே யாரிடமும் பணமில்லை, அதனால் பழைய வீடுகளே அப்படியே நின்றுவிட்டன. நாம் ரசிக்கும் அழகில் அவர்களுடைய வறுமையும் இருக்கிறது. அதை நினைக்காமல் இந்தத் தெருக்களில் என்னால் நடக்க முடிவதில்லை.

(காட்சி: வயல்வெளியில் ஒற்றையடிப் பாதை)

போர்ட்டனில் கூட்டம் இருக்கும். விண்ட்ரஷ் ஆற்றின் குட்டைப் பாலங்களைப் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். ஒன்றரை கிலோமீட்டரில் லோயர் ஸ்லாட்டர். ஓடைக்கரையில் பழைய ஆலை, அதன் நீர்ச்சக்கரம். இன்றைய ஆங்கிலத்தில் ஸ்லாட்டர் என்றால் படுகொலை. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், இந்த ஸ்லாட்டர் சேற்று நிலத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

இன்னும் அவ்வளவு தூரம் நடந்தால் அப்பர் ஸ்லாட்டர். இரண்டு உலகப் போர்களுக்கும் போன இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் உயிரோடு திரும்பினார்கள். இங்கிலாந்தில் அப்படிப்பட்ட ஊர்கள் மிகச் சில. ஊர் நடுவே ஓடை ஆழமில்லாமல் சாலையைக் கடக்கும். அங்கே கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

சரி, திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டும்வரை காத்திருந்தால் கிடைக்காமல் போகலாம்.