ஒரு குனியுகி அல்ல, மூன்று

வணக்கம். ராத்திரி உட்கார்ந்து வேலை செய்யும்போது எனக்குப் பின்னால் ஏதாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அப்படித்தான் குனியுகி தகஹாஷியிடம் மாட்டிக்கொண்டேன். ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகரத்துக்காரர். ஹவுஸ் என்கிற நடன இசைதான், ஆனால் அதற்குள் பியானோவும் ஜாஸும் சாவகாசமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். பெயர் மட்டும் நம் காதுக்கு யாரையோ குனியச் சொல்கிற மாதிரி இருக்கும்.

சரி, ஆள் யாரென்று பார்ப்போமே என்று தேடினால் வேறு வேறு குனியுகிகள் வந்து நிற்கிறார்கள். ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் கியோத்தோவில் வாள் அடித்தவர், அவரை விட்டுவிடலாம். இன்னொருவர் அதற்கும் முந்தைய அரசவைக் கவிஞர், ஃபுஜிவாரா நோ குனியுகி. அவருடைய கவிதைகளைவிட அவர் உடை மாற்றிய கதைதான் எனக்குப் பிடித்தது.

அந்தக் காலத்தில் தலைநகரிலிருந்து வடக்கே போகிறவர்கள் ஷிரகாவா என்ற காவல் சாவடியைத் தாண்ட வேண்டும், அந்த இடம் இன்றைய ஃபுகுஷிமா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே வந்ததும் மனிதர் மூட்டையைப் பிரித்து நல்ல உடையாக எடுத்து உடுத்திக்கொண்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, 'நோஇன் பாடிய இடமாயிற்றே, சாதாரணத் துணியோடு எப்படித் தாண்டுவது?' என்றாராம். நோஇன் என்பவர் துறவிக் கவிஞர். வசந்த மூடுபனியோடு தலைநகரை விட்டுக் கிளம்பினேன், ஷிரகாவா சாவடியில் இலையுதிர்காலக் காற்றல்லவா வீசுகிறது என்று பாடியவர். இரண்டு பருவங்களை வைத்தே தூரத்தைச் சொல்லிவிட்டார்.

இதில் வேடிக்கை, அந்த நோஇன் அங்கே போகவே இல்லை, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, முகத்தை மட்டும் வெயிலில் காட்டிக் கருக்கிக்கொண்டு, 'வடக்கே போனபோது எழுதியது' என்று கவிதையை வெளியில் விட்டார் என்று இன்னொரு கதையும் உண்டு. பாவம் குனியுகி!

அப்புறம் 1689இல் அதே வழியில் ஹைக்கூ கவிஞர் பாஷோ போகிறார். கூடப் போன சோரா, மாற்றுடுப்பு இல்லையென்றால் என்ன, இந்தக் காட்டுப்பூவைச் சூடிக்கொள்வதுதான் என் விசேஷ உடுப்பு என்று ஹைக்கூ எழுதிவிட்டார்.

நான் இன்றைக்குக் கசங்கின சட்டையோடுதான் நிலையத்துக்கு வந்திருக்கிறேன். வானொலி என்பதால் தப்பித்தேன்.